அந்த ஊசி எவ்ளோ ஆகும்னு கேக்குறதுக்கு முன்னாடி...

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

2022 ஜூன்ல வாட்ஸப்ல ஒரு செய்தி சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? அமெரிக்காவுல 12 பேருக்குக் கேன்சர், ஒரு ஊசி போட்டாங்க, 12 பேருக்கும் கட்டி காணாமப் போச்சுன்னு. இன்னிக்கும் நம்ம திருச்செந்தூர் குரூப்ல அது அப்பப்ப தலை தூக்குது. வழக்கமா இந்த மாதிரி ஃபார்வர்டு எல்லாம் பப்பாளி இலைச் சாறு ரகம்தான். ஆனா இது பொய் இல்ல. நியூயார்க்ல இருக்குற மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில நடந்தது. மலக்குடல் கேன்சர்காரங்களுக்கு டோஸ்டார்லிமாப்ங்கிற மருந்தை 3 வாரத்துக்கு ஒரு தடவைன்னு 6 மாசம் குடுத்தாங்க. முழுசா முடிச்ச 12 பேருக்கும் கட்டி கண்ணுலயே படல. ஆபரேஷன் இல்ல, ரேடியேஷன் இல்ல, வயித்துல ஓட்டை போட்டு மலத்துக்குப் பை மாட்டுற வேலையும் இல்ல. 2025ல அதே குழு இன்னும் பெரிய கணக்கு வெளியிட்டுச்சு. மலக்குடல் கேன்சர்ல சிகிச்சைய முடிச்ச 49 பேருக்கு 49.

அப்போ பிரச்சினை என்ன? ஃபார்வர்டுல ஒரு வரி மட்டும் எப்பவுமே விட்டுப் போயிடும். அந்த 12 பேரும் சும்மா வரிசையில நின்ன 12 பேர் இல்ல. 'மிஸ்மேட்ச் ரிப்பேர்' பழுதான கட்டி உள்ளவங்களா பார்த்துப் பார்த்துப் பொறுக்கினவங்க. மலக்குடல் கேன்சர் வந்த 100 பேர்ல 5லேருந்து 10 பேருக்குத்தான் அந்த வகை.

என் கட்சி என்னன்னு மொதல்லயே சொல்லிடறேன். பெருங்குடல், மலக்குடல் கேன்சர்னு பயாப்ஸியில உறுதியான ஒவ்வொருத்தருக்கும், அவர் கார்ல வந்தாலும் சரி, டவுன் பஸ்ல வந்தாலும் சரி, அந்த ரிப்பேர் டெஸ்டை முதல் நாளே எடுக்கணும். யாரும் கேக்காமலே எடுக்கணும். லட்ச ரூபா ஊசியப் பத்தின பேச்செல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, இந்த ஊசி என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் பாத்துருவோம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு சூரசம்ஹாரத்தை வச்சு சொன்னா டக்குனு புரியும். சஷ்டி அன்னிக்குக் கடற்கரையில சூரன் தலைய மாத்தி மாத்தி வருவான், கடைசியில மாமரமா நிப்பான். மரத்தைப் பாத்து யாராவது வேல் எடுப்பாங்களா? கேன்சர் செல்லும் அப்படித்தான். வெளியிலேருந்து வந்த கிருமி இல்ல, நம்ம உடம்போட சொந்த செல். அதனால காவலுக்குச் சுத்துற டி-செல்லுங்க அதைப் பாத்துட்டு 'நம்மாளுதான்'னு போயிடும்.

சில சமயம் டி-செல் மோப்பம் பிடிச்சு கிட்ட வந்துரும். அப்ப கேன்சர் செல் இன்னொரு தந்திரம் பண்ணும். டி-செல்லுக்கு இயற்கையிலேயே பிரேக் உண்டு. பிரேக் இல்லேன்னா அது நம்ம சொந்த உடம்பையே கடிச்சுக் குதறிடும். அந்தப் பிரேக்குகளுக்குத்தான் 'செக்பாயிண்ட்'னு பேரு. சிடிஎல்ஏ-4ங்கிற பிரேக், டி-செல் புறப்படுற இடத்துலயே, அதாவது நிணநீர் முடிச்சுலயே பிடிக்கும். பிடி-1ங்கிற பிரேக், சண்டை நடக்குற ஸ்பாட்ல பிடிக்கும். கேன்சர் செல் தன் மேல பிடி-எல்1னு ஒரு புரதத்தை நீட்டி, அந்தப் பிரேக்கைக் கச்சிதமா அமுக்கி விட்டுரும். டி-செல் பக்கத்துல வந்தும் சும்மா நிக்கும்.

ஜப்பான்ல தசுகு ஹோஞ்சோ குழு பிடி-1ஐ 1992ல கண்டுபிடிச்சது. சிடிஎல்ஏ-4ஐத் தடுத்தா எலிகள்ல கட்டி கரையுதுன்னு ஜேம்ஸ் ஆலிசன் குழு 1996ல காட்டுச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்து 2018ல நோபல். இந்தப் பிரேக்கை அமுக்க விடாம நடுவுல போய் உக்கார்ற மருந்துகள்தான் இபிலிமுமாப் (2011), பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் (ரெண்டும் 2014) எல்லாம். மொதல்ல அனுமதி வாங்கினது மெலனோமாங்கிற தோல் கேன்சருக்கு.

இங்கதான் முக்கியமான கேள்வி. பிரேக்கை எடுத்துட்டா மட்டும் வண்டி ஓடிருமா? எஞ்சின் ஆன்ல இருக்கணும்ல? டி-செல் அந்தக் கட்டிய ஏற்கெனவே அன்னியன்னு அடையாளம் கண்டிருந்தாத்தான் பிரேக்கை எடுக்குறதுல அர்த்தம்.

இப்ப என் பொழப்பு மொழிக்கு வர்றேன். ஒரு செல் ரெண்டாகும்போது சுமார் 600 கோடி எழுத்து டிஎன்ஏவை காப்பி அடிக்கணும். தப்பு வராம இருக்குமா? அதைச் சரி பாக்க ஒரு ரிவ்யூ டீம் இருக்கு. எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2ன்னு முக்கியமான நாலு பேர். இவங்க வேலைதான் மிஸ்மேட்ச் ரிப்பேர். இதுல ஒருத்தர் அவுட்டானா ரிவ்யூ இல்லாம கோடு நேரா புரொடக்‌ஷனுக்குப் போற மாதிரி. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வர்ற இடங்கள்ல பக் குவிஞ்சிரும். டாக்டருங்க இதைத்தான் எம்எஸ்ஐ-ஹைன்னு எழுதுவாங்க.

பக் குவிஞ்ச கோடு விசித்திரமான புரதங்களை உண்டாக்கும். மாமரத்துல மாங்காய்க்குப் பதிலா கொம்பும் பல்லும் தொங்குனா யாருக்கும் சந்தேகம் வருமில்ல? டி-செல்லுக்கும் வரும். எஞ்சின் ஆன், பிரேக் மட்டும்தான் தடை. அப்ப இந்த ஊசி அமோகமா வேலை செய்யும்.

இது வெறும் தியரி இல்ல. 2015ல டங் லீங்கிற டாக்டரம்மாவோட குழு வெளியிட்ட ஆய்வுல, ரிப்பேர் பழுதான பெருங்குடல் கேன்சர்காரங்க 10 பேர்ல 4 பேருக்குக் கட்டி சுருங்குச்சு. ரிப்பேர் ஒழுங்கா இருந்த 18 பேர்ல எத்தனை பேருக்கு? பூஜ்யம். ஒரே மருந்து, ஒரே உறுப்பு. அந்த ஆய்வுல மரபணுவ முழுசாப் படிச்ச கட்டிகள்ல, பழுதானதுல சராசரி 1,782 பிழை, மத்ததுல 73.

இதுக்கு அப்புறம்தான் 2017 மே மாசம் அமெரிக்க எஃப்டிஏ வரலாற்றுல முதல் தடவையா, எந்த உறுப்புங்கிறதைப் பாக்காம கட்டியோட இந்த ஒரு குணத்தைப் பாத்து பெம்ப்ரோலிசுமாபுக்கு அனுமதி குடுத்துச்சு. 2020ல கீநோட்-177ங்கிற டிரயல்ல, பரவிப் போன நிலையில இருந்த இந்த வகைக்காரங்க 307 பேரைப் பாத்தாங்க. நோய் மேல வளராம இருந்த காலம் கீமோவுல 8.2 மாசம், இந்த ஊசியில 16.5 மாசம்.

அதுக்காக இதை அமிர்தம்னு நெனச்சுக்காதீங்க. அதே டிரயல்ல, சரியான வகைக்காரங்களாவே இருந்தும், ஊசி போட்டவங்கள்ல ஏறக்குறைய 29 சதவீதம் பேருக்குக் கட்டி வளரத்தான் செஞ்சது. பிரேக்கை எடுக்குறதால குடல், தைராய்டு, நுரையீரல், கல்லீரல்னு சொந்த உறுப்பையே டி-செல் தாக்குற பக்க விளைவும் உண்டு.

சரி, மிச்சப் பேரோட கதை? அவங்கதான் பெரும்பான்மை. பெருங்குடல் கேன்சர்ல மொத்தமா பாத்தா ரிப்பேர் பழுதானவங்க சுமார் 15 சதவீதம். பரவிப் போன நிலையில பாத்தா வெறும் 5 சதவீதம் அளவுதான். மீதி 95 பேருக்காக உலகமே முட்டி மோதிக்கிட்டு இருக்கு. அட்டிசோலிசுமாபோட கோபிமெடினிப்னு இன்னொண்ணைச் சேர்த்து 363 பேருக்கு நடத்தின டிரயல் 2019ல வெளிவந்துச்சு, ஆயுள் கூடல. லேக்-3ன்னு ஒரு புது பிரேக். அதைத் தடுக்குற மருந்து தோல் கேன்சருக்கு 2022ல அனுமதி வாங்கிருச்சு. ஆனா அதே லேக்-3ஐத் தடுக்குற இன்னொரு மருந்தை பெம்ப்ரோலிசுமாபோட சேர்த்து இந்தப் பெருங்குடல் பெரும்பான்மைக்குப் போட்டுப் பாத்த பெரிய டிரயல் 2024ல தோத்துப் போச்சு. எஞ்சினே ஸ்டார்ட் ஆகாத வண்டியில ஒவ்வொரு பிரேக்கா கழட்டிக்கிட்டு இருந்தா எப்படி ஓடும்?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். எங்க தெருவுல ஒரு அண்ணாச்சி. பெருங்குடல்ல கட்டி, கல்லீரலுக்கும் பரவிருச்சு. அவர் பையன் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினான்.

"அண்ணே, அந்த 12 பேருக்குக் குணமான ஊசி இருக்குல்லா, அதைப் போட்டுப் பாக்கலாம்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சொல்லுதாங்க. ஆத்தூர் பக்கம் இருக்க வாழைத் தோட்டத்தைப் பேசி முடிச்சிட்டோம். நீங்க கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

"தம்பி, பயாப்ஸி ரிப்போர்ட்ல எம்எம்ஆர்னு ஏதாவது போட்டிருக்கா பாரு."

"அப்படி ஒண்ணும் இல்லையேண்ணே."

இல்ல. டெஸ்டே எடுக்கல. டெஸ்ட் எடுக்காமலே தோட்டம் விலை பேசியாச்சு. கீநோட்-177ல குடுத்த மாதிரி குடுத்தா 3 வாரத்துக்கு ஒண்ணுன்னு அதிகபட்சம் 35 டோஸ். ஒரு டோஸே லட்சக் கணக்குல. ஒரு தோட்டம் எத்தனை டோஸுக்கு வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

நான் சொன்னதெல்லாம் ஒண்ணுதான். ஆஸ்பத்திரியில அந்த பயாப்ஸி மெழுகுக் கட்டிய வாங்கி டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லு, ரிசல்ட் வர்ற வரைக்கும் பத்திரத்துல கையெழுத்துப் போடாதேன்னு. அனுப்பினாங்க. நாலு புரதமும் ஒழுங்கா இருக்குன்னு வந்துச்சு. அதாவது, அந்த ஊசி அண்ணாச்சிக்கு உதவ வாய்ப்பு மிகக் குறைவு. பையன் அழுதான். நல்ல செய்தி இல்லதான். ஆனா தோட்டம் நின்னுச்சு, அண்ணாச்சிக்கு வழக்கமான கீமோ அரசு காப்பீட்டுலயே ஆரம்பிச்சாங்க. சில ஆயிரம் ரூபா டெஸ்ட் ஒரு குடும்பத்தோட சோத்தைக் காப்பாத்திருக்கு. இந்த 'இல்ல'ங்கிற பதிலுக்கு இருக்குற மதிப்பை எந்த ஃபார்வர்டும் சொல்றதில்ல.

இந்த டெஸ்ட் ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானமும் இல்ல. ஐஎச்சின்னு பேரு. ஏற்கெனவே எடுத்து மெழுகுல பதிச்சு வச்சிருக்குற சதைத் துண்டை மெலிசா சீவி, அந்த நாலு புரதத்துக்கும் நாலு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்குறது. நோயாளிய மறுபடி குத்த வேண்டியதில்ல. முக்கியமா, நோயாளி செந்தூர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்க உக்காந்து சென்னைக்குப் போக வேண்டியதும் இல்ல. மெழுகுக் கட்டி மட்டும் கூரியர்ல போனா போதும். தூத்துக்குடிக்கும் நெல்லைக்கும் பொதுவா ஒரு லேப் இருந்தா தென் மாவட்டம் பூரா கட்டிய அங்க அனுப்பலாமே. இங்கிலாந்துல 2017லயே எல்லாப் பெருங்குடல் கேன்சருக்கும் இந்த டெஸ்ட் எடுக்கணும்னு நைஸ் அமைப்பு சொல்லிருச்சு.

"மருந்தே வாங்க வக்கில்லாதவனுக்கு டெஸ்ட் எதுக்கு?"ன்னு என் நண்பன் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா டெஸ்டோட பலன் ஊசியோட முடியிறதில்ல.

ரெண்டாம் கட்டத்துல இருக்குற, ரிப்பேர் பழுதான நோயாளிக்கு, ஆபரேஷனுக்கு அப்புறம் 5-எஃப்யூன்னு ஒத்தை மருந்து கீமோ குடுத்து பெரிசா பலன் இல்ல. டெஸ்ட் எடுத்தா அந்த வாந்தியும் செலவும் மிச்சம்.

அடுத்தது குடும்பம். எனக்கு இதுதான் பெரிய காரணம். இந்த ரிப்பேர் பழுது சிலருக்கு வயசான காலத்துல அந்தக் கட்டிக்குள்ள மட்டும் தானா வரும். சிலருக்குப் பரம்பரையா வரும், அதுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம்னு பேரு. அமெரிக்காவுல 1895ல ஆல்ட்ரெட் வார்த்தின்ங்கிற டாக்டர்கிட்ட அவர் வீட்டுத் தையல்காரம்மா, எங்க குடும்பத்துல எல்லாரும் இந்த நோயிலதான் போறாங்க, நானும் இதுலதான் போவேன்னு சொன்னாங்களாம். அப்படியே நடந்துச்சு. அந்தக் குடும்பக் கதைய அவர் 1913ல எழுதினார். பிற்பாடு ஹென்றி லிஞ்ச் 1966லேருந்து இதைத் தொடர்ந்து ஆராய்ஞ்சதால அவர் பேர் வந்துச்சு.

அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்கூட்டியே தெரிஞ்சா 20-25 வயசுலேருந்து ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கொலோனாஸ்கோபி பண்ணி, கட்டியாகுறதுக்கு முன்னாடியே கிள்ளி எறியலாம். நம்ம பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கு. மாமன் பொண்ணு, அத்தை பையன்னு சொந்தத்துலயே கட்டுற வழக்கம். ஒரே குடும்பத்துல ரெண்டு பக்கமும் இந்தப் பழுது இருந்து கல்யாணம் ஆனா, பிள்ளைக்கு ரெண்டு பிரதியும் பழுதா வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. அப்படி வந்தா சின்ன வயசுலயே மூளை, ரத்தம், குடல்னு கேன்சர் வரும். யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதல. 'அவங்க குடும்பத்துக்கே சாபம்'னு தெருவுல பேசுற பல கதைக்குப் பின்னாடி ஒரு புரதம் இருக்கலாம்னு சொல்றேன். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்ல 2000-களின் தொடக்கத்துலயே பரம்பரைக் கேன்சருக்குன்னு தனி கிளினிக் நடத்தி, அந்த அனுபவத்தை 2005ல ஆய்வுக் கட்டுரையாவே வெளியிட்டுட்டாங்க. ஆக, தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்ல. அடையாறைத் தாண்டி மாவட்டத்துக்கு வரணும், அவ்ளோதான்.

கடைசியா அரசாங்கத்துக்கு. 2025 செப்டம்பர்ல உலக சுகாதார நிறுவனம் பெம்ப்ரோலிசுமாபை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்துருச்சு. பரவிய பெருங்குடல் கேன்சரும் அதுல ஒண்ணு. மத்திய அரசு 2023லயே இதுக்குச் சுங்க வரிய எடுத்துருச்சு. நிவோலுமாபோட இந்தியப் பேட்டண்ட் ஆயுளும் 2026 மே வரைக்கும்தான். மும்பை டாடா மெமோரியல்ல தலை, கழுத்து கேன்சர் 151 பேருக்கு ஒரு டிரயல் பண்ணினாங்க. வழக்கமா 2 வாரத்துக்கு 240 மில்லிகிராம் போடுற நிவோலுமாபை 3 வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம், மாத்திரைக் கீமோவோட சேர்த்துக் குடுத்தாங்க. ஆறு வாரக் கணக்குல 18ல ஒரு பங்கு மருந்து. ஒரு வருஷம் உயிரோட இருந்தவங்க 16.3 சதவீதத்துலேருந்து 43.4 ஆனாங்க. இதைப் பெருங்குடலுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது, தனி டிரயல் வேணும். அதை நடத்த வேண்டியதும் நாமதான், பணக்கார நாட்டுக் கம்பெனிக்கு மருந்தைக் குறைச்சு விக்க என்ன ஆசை இருக்கும்?

முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். இந்த டெஸ்டை எல்லா பெருங்குடல் கேன்சருக்கும் கட்டாயமாக்குங்க. பரவிய நிலையில நூத்துக்கு அஞ்சு பேர்தான் தேறுவாங்க. அந்த அஞ்சு பேருக்கு மட்டும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா பேரம் பேசி ஊசி வாங்கட்டும். மொத்தக் கொள்முதல்ல விலை குறைக்குறது 1990-கள்லேருந்து அவங்க செஞ்சு காட்டின வித்தை. எல்லாருக்கும் வாங்குனாத்தான் கஜானா காலி. டெஸ்ட் பண்ணி வாங்குனா கட்டுப்படியாகும்.

உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ தேவைப்பட்டா டாக்டர்கிட்ட இந்த மூணையும் கேளுங்க:

1. பயாப்ஸியில எம்எம்ஆர் ஐஎச்சி பாத்தாச்சா? ரிப்போர்ட்ல நாலு புரதமும் தனித்தனியா எழுதியிருக்கா?
2. ஒண்ணு காணோம்னா, அது பரம்பரையான்னு பாக்க அடுத்த டெஸ்ட் என்ன? கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எங்க போகணும்?
3. நாலும் ஒழுங்கா இருந்தும் இம்யூனோதெரபி போடலாம்னு சொன்னா, எந்த ஆதாரத்துல? டிரயல்னா மருந்து இலவசமா?

கேக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க. ஒரு மொபைல் வாங்க நாலு கடை ஏறி இறங்கி ஆயிரம் கேள்வி கேக்குறவங்கதானே நாம :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதை எழுதியிருக்கேன். முடிவெடுக்க வேண்டியது உங்க கேன்சர் டாக்டரும் நீங்களும்.